மகப்பேறும் அரசாணையும்

உயிர்கள் எண்ணில்லாதன, அநாதியாகவே ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடப்பன. அவ்வுயிர்கட்கு மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்துக் கொடுத்து, அவற்றின் வாயிலாக வினையை நுகர்வித்து, மலம் பரிபாகமுற்றவிடத்துத் தன் திருவடிக்கண் சேர்த்துக்கொள்பவன் முழுமுதற் கடவுளாகிய சிவபெருமான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. அங்ஙனம் கொடுக்கப்படும் உடம்புகளுள் மானுட உடம்பு பெறுதற்கு அரியது. அவ்வுடம்பின்கண் நின்றே உயிர் தன் முதல்வனை அறிந்து வழிபட்டு உய்தற்குரியது ஆகலின். இவ்வரிய உடம்பு நிலவுலகில் உருப்பெறுதற்கு இடமாவது தாயின் வயிறு. ஆகவே, மகப்பேறு என்பது உடல்நூலார்க்கும் பொருள்நூலார்க்கும் மாத்திரம் உரிய ஆராய்ச்சியன்று. உயிரின் கதியை நினைப்பார் யாவர்க்கும் உரியதாம்.

இம்மகப்பேற்றைப் பற்றித் தமிழ்நாட்டில் அரைநூற்றாண்டுக்கு மேலாக அரசினர் கூறிவந்த சொல் ஒன்றே. 'குறைத்துப் பெறுக' என்பது அது. இப்பொழுது அதற்கு மறுதலையான சொல் எழுந்துள்ளது. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், திருவான்மியூர் மருந்தீசர் திருக்கோயிலில் இந்து சமய அறநிலையத் துறையினர் நடத்திய 31 இணையரின் திருமண விழாவில், அந்நாள் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அவர்கள், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்னும் பழைய வாழ்த்திற்குப் பதினாறு செல்வங்கள் என்பதே பொருள் என்று விளக்கி, பாராளுமன்றத்தில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையக்கூடும் என்னும் நிலை வந்தபோது பதினாறு மக்களையே பெற்றாலென்ன என்று வினவும் நிலை வந்துவிட்டதெனப் பேசினார். 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாகப்பட்டினத்தில் நிகழ்ந்த மற்றொரு திருமணத்தில், மணமக்கள் காலந்தாழ்த்தாது மகவு பெறவேண்டும் என்றார். அண்டையிலுள்ள ஆந்திர நாட்டில், இருவர்க்கு மேற்பட்ட மக்களையுடையார் உள்ளாட்சித் தேர்தலில் நிற்றலாகாது என்று விதித்திருந்த சட்டம், 2024ஆம் ஆண்டு நவம்பரில் அச்சட்டசபையாலேயே நீக்கப்பட்டது. மிகப் பெற்றாரை ஒறுத்த சட்டம் போயிற்று. இனிக் குறையப் பெற்றாரை ஒறுக்கும் சட்டம் வருமோ என்று அஞ்சுவாரும் உளர். மகப்பேற்றின்கண் அரசின் ஆணை எவ்வளவு செல்லும், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்னும் வினா இதனால் எழுகின்றது.

சென்னை மாநகரின் தென்பால், பறங்கிமலைக்கு அணித்தாய் உள்ளது ஆதம்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்து, பின்னர் ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாகி, 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் அது. கிண்டி, வேளச்சேரி, பழைய மாமல்லபுரச் சாலை முதலிய இடங்களில் தொழில் செய்வார் பலர் அங்கு வாழ்கின்றனர். அவ்வூர்க் குடும்பங்களின் நிலையே இற்றைத் தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றின் நிலையுமாம். பாட்டியார் அறுவரையோ எழுவரையோ பெற்றார். அவருள் இருவர் மூவர் இளமையிலேயே மறைந்தனர். தாயார் இருவரைப் பெற்று, இரண்டாம் பேற்றின் பின்னர்க் கருத்தடை அறுவை செய்துகொண்டார். மகளோ ஒரு குழந்தையோடு அமைகின்றாள். அன்றி, அவ்வொன்றைப் பெறுதற்கும் காலம் பார்த்திருக்கின்றாள். கணவனும் மனைவியும் விடியலிற் புறப்பட்டு இரவில் மீள்வர். இருப்பது வாடகை வீடு. ஊரிலுள்ள பெற்றோர் முதுமையால் தாமே பிறர் துணையை வேண்டியிருப்பர். குழந்தையை ஏந்துவார் இலர். இந்நிலையிலுள்ள மகளிடம் சென்று 'நாட்டின் பொருட்டு இன்னும் பெறுக' என்பார்க்கும், முன்னாளில் அவள் தாயிடம் சென்று 'நாட்டின் பொருட்டு இனி வேண்டா' என்றார்க்கும் உள்ள ஒற்றுமை யாது? இருதிறத்தாரும் அவள் வயிற்றை நோக்கினர், அவளை நோக்கினாரல்லர்.

இது மிகைபடக் கூறியதன்று என்பது வரலாற்றைச் சிறிது நோக்குவார்க்குப் புலனாகும். அடையாற்றுப் பிரமஞான சபையின் தலைமையை 1907 முதல் 1933 வரை தாங்கிய அன்னி பெசன்ட் அம்மையார், இளமையில், 1877ஆம் ஆண்டில், கருத்தடை பற்றிய நூலொன்றை இலண்டன் மாநகரில் வெளியிட்டமைக்காக வழக்கிற்குட்பட்டவர். அதன்பின் தம் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தவர். அவரே 1891ஆம் ஆண்டில், பிரமஞானக் கொள்கையைத் தழுவியபின், அப்பொருள் பற்றித் தாம் எழுதிய நூலை விற்பனையினின்றும் நீக்கிக்கொண்டார். ஒருவர் வாழ்நாளிலேயே இவ்வினாவிற்கு இருவேறு விடைகள் தோன்றினமை காண்க. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் சமயக் கொள்கையில் சைவர்க்கு முற்றும் மாறுபட்டவர். எனினும், ஏனையோர் நாட்டின் வறுமையையும் மக்கட்பெருக்கத்தையும் கருதிக் கருத்தடையை வேண்டத் தாம் பெண்ணின் விடுதலை கருதியே அதனை வேண்டுவதாக அவர் வேறுபடுத்து உரைத்தமை ஈண்டு மறக்கற்பாலதன்று. அவ்வேறுபாடு பின்வந்த ஆட்சியாளர்க்கு நினைவிலிருந்திருக்குமாயின் பல தீங்குகள் நிகழ்ந்திரா.

1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி என்பார், மூன்று மக்களைப் பெற்றபின் நான்காவதாகவோ அதற்கு மேலாகவோ பெறுதலை, முன்னறிவில்லா மகப்பேறு என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டு வழங்கினார். அவரே பின்னர்ச் சென்னை அரசின் தலைமைச் செயலராயினார். இந்திய அரசு 1952ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் திட்டத்தின்கண் சேர்த்துக்கொண்டது. சென்னை அரசோ 1956ஆம் ஆண்டு முதலே அறுவை செய்துகொள்வார்க்குப் பணம் வழங்கத் தொடங்கியது. பின்னர் ஆள் சேர்த்துக் கொணர்வார்க்கும் கூலி கொடுக்கப்பட்டது. வறியவன் ஒருவன் தன் உடம்பிற் கத்தி படுதற்கு இசைந்தது தன் இல்லறத்தை எண்ணியோ, அன்று மாலை உலையிலிடும் அரிசியை எண்ணியோ என்று வினவுவார் அக்காலத்துச் சிலரே. நெருக்கடி நிலையில் அந்த இசைவும் வேண்டப்படாதாயிற்று. 1976–77 ஆகிய ஓராண்டில் மாத்திரம் இந்தியா முழுவதிலும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்யப்பட்டன. பலர் வலிந்து கொண்டுசெல்லப்பட்டனர். அதன் பின்னர் ஆடவர் இம்முறையினின்றும் விலகினர். சுமை முழுதும் பெண்டிர்மேல் ஏறிற்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்டிருள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவராக, ஆடவர் செய்துகொண்டது நூற்றுக்கு 0.3 அளவே. 2014ஆம் ஆண்டு நவம்பரில் சத்தீசுக்கர் நாட்டுப் பிலாசுப்பூர்ப் பக்கத்தில் முகாமொன்றில் அறுவைக்குட்பட்ட பெண்டிர் பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுள் ஒழிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

இனி, தமிழ்நாட்டில் மகப்பேறு குறைந்தது இவ்வலிமுறையாலோ எனின், அன்று. பிறந்த குழந்தைகள் இறவாமை, பெண்கல்வி, திருமண வயதின் உயர்வு, ஊர்தோறும் அமைந்த மருத்துவநிலையங்கள் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் அது நிகழ்ந்தது. ஓராண்டு நிரம்புமுன் இறக்குங் குழந்தைகள் 2020ஆம் ஆண்டில் ஆயிரத்துக்குப் 13 என்னும் அளவிற்குக் குறைந்துவிட்டன. பெற்ற மகவு பிழைக்கும் என்னும் துணிவு பிறந்தவிடத்துப் பல பெறவேண்டும் என்னும் நினைவு தானே தளரும். ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் மக்களின் சராசரி 2.1 ஆயின் குடித்தொகை நிலைபெறும் என்பர் கணக்கறிவார். தமிழ்நாட்டில் அது இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் 1.4, மேற்கூறிய குடும்ப நல ஆய்வின்படி 1.8. இருவகைக் கணக்கானும் 2.1க்குக் குறைவே. அறுபது வயதிற்கு மேற்பட்டோர் 2021ஆம் ஆண்டில் இந்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேராயிருந்து 2031ஆம் ஆண்டில் 18.2 பேராவர் எனவும் மதிப்பிட்டுள்ளனர். முதியோரைத் தாங்கும் தோள்கள் குறையும் என்னும் கவலை ஒன்று. மற்றொன்று பாராளுமன்ற இடங்களைப் பற்றியது. 1967ஆம் ஆண்டில் தமிழகத்தின் இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி இடங்களை நிறுத்திவைத்த 1976ஆம் ஆண்டு ஏற்பாட்டை, 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் குடிக்கணக்கு வரையில் நீட்டியது. அரசு சொற்கேட்டுக் குறையப் பெற்ற நாடு அதனாலேயே தாழ்வுறுதல் முறையோ என்பது நேர்மையான வினாவேயாம். ஆயினும், இடங்களைப் பங்கிடும் முறையிலுள்ள கோணலைச் சட்டமியற்றுவார் அவையிலே நேராக்க வேண்டுமேயன்றிப் பெண்டிர் வயிற்றிலே நேராக்க முயலுதல் தக்கதன்று.

இனிச் சித்தாந்த நெறியால் இதனை ஆராய்வாம் எனப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா, உடம்பு யாருடையது என்பது. தனு என்பது மாயையின் காரியம். அதனைக் கொடுத்தவன் இறைவன். கொடுக்கப்பெற்றது இன்ன உயிர். கொடுத்ததன் நோக்கம் அவ்வுயிரின் மலநீக்கம். இம்மூன்றும் தெளிவாகவே, உடம்பு ஓருயிரின்கண் ஒப்புவிக்கப்பட்ட அடைக்கலப்பொருள் என்பது பெறப்படும். அடைக்கலப்பொருளை ஏற்றவன் அதற்குத் தலைவனல்லன். எனினும், அதன் பொருட்டு அவன் கணக்குக் கூறவேண்டுவது ஒப்புவித்தவனிடத்தேயன்றி அயலாரிடத்தன்று. பெண்ணின் உடம்பும் பெண்ணுயிர்க்கு ஒப்புவிக்கப்பட்டதே. அதனைக் கணவன் தனதென்னலும், மாமன் மாமியர் தம் குலத்தின் நிலமென்னலும், அரசு தன் கணக்கேட்டின் விளைநிலமென்னலும் ஒருதன்மையான பிழைகளே. 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மகப்பேறு பற்றித் துணிதல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தன்னுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தார் சட்டநெறியாற் சென்று எய்திய அம்முடிவிற்குச் சித்தாந்தி அடைக்கலநெறியாற் சென்று எய்துகின்றான்.

ஈண்டு ஒருசாரார் தடை நிகழ்த்துவர்: 'என் உடம்பு என் உரிமை என்பது யான் எனது என்னும் செருக்கன்றோ? அச்செருக்கே ஆணவம் எனவும், அஃது அறுதலே வீட்டுநெறி எனவும் ஓதும் சைவர், அதனை உரிமையென்று போற்றுதல் யாங்ஙனம்?' என்று. நன்று வினவினர். இறைவன் திருமுன் நின்று எனது என்பது ஆணவமே, அதனை மறுப்பாரிலர். ஆயின், அவள் எனது என்றலை ஆணவம் என்று விலக்கியவன், அவ்விடத்திலே எமது என்று அரசை அமர்த்துவானாயின், சிறிய ஆணவத்தைப் போக்கிப் பெரிய ஆணவத்தை நிறுவினவனாவான். ஓருயிரின் செருக்கு அவ்வுயிரைக் கட்டும். அரசின் செருக்கு கோடி உயிர்களைக் கட்டும். யான் எனது என்னும் செருக்கு அறவேண்டுவது அறிவாலும் அன்பாலும். பிறர் வலியால் அறுக்கப்படுவது செருக்கன்று, உரிமையே.

இறைவன் உயிர்கள்பால் ஒழுகும் முறையே இதற்குச் சான்று. அவன் எல்லாம் வல்லவன். ஒரு நொடியில் எவ்வுயிரையும் தன்பால் ஈர்த்துக்கொள்ள வல்லவன். அங்ஙனமிருந்தும், மலம் பரிபாகமுறுங்காறும் உடனாய் நின்று காத்திருக்கின்றான். இச்சை, ஞானம், கிரியை என்னும் உயிரின் ஆற்றல்களைத் தன் சத்தியால் விளக்குகின்றானேயன்றி, அவற்றைப் பறித்துவிட்டுத் தானே அவ்வுயிர்க்காக விரும்புதல் செய்வதில்லை. முற்றறிவுடைய முதல்வனே காத்திருக்கக் குற்றறிவுடைய மாந்தரால் அமைந்த அரசு காத்திராமை என்னை? ஐந்தாண்டுக்கொருமுறை மாறும் ஆட்சி, இருபதாண்டில் வளரும் ஒரு மகவைப் பற்றி ஆணையிடுதல் பொருத்தமுடையதோ என்பதைச் சிந்திக்க.

ஆதம்பாக்கத்திலே ஆவுடைநாயகி உடனாய நந்தீசுவரர் திருக்கோயில் உளது. பறங்கிமலை முற்காலத்தில் பிருங்கிமலை எனப்பட்டதென்றும், ஆண்டுத் தவமிருந்த பிருங்கி முனிவர்க்கு இறைவன் நந்திவடிவிற் காட்சி கொடுத்தனன் என்றும் தலவரலாறு கூறும். அப்பிருங்கி முனிவரைப் பற்றிய புராணச் செய்தி யாவரும் அறிந்தது. அவர் அம்மையை விடுத்து அப்பனை மாத்திரமே வலம்வரும் நோன்புடையார். அம்மை அப்பனை நெருங்கி அமர்ந்தவிடத்தும் வண்டுருக்கொண்டு இடையே புகுந்து சென்றார். அம்மை தன் கூறாகிய ஊனையும் உதிரத்தையும் அவர் உடம்பினின்றும் வாங்கிக்கொள்ள, என்பும் தோலுமாய் நிற்கலாற்றாது சாய்ந்தார். இறைவன் மூன்றாவது கால் ஒன்றனை ஈந்து தாங்கினான். இதன் உட்பொருள், சத்தியின்றிச் சிவம் இல்லை என்பது. இம்மையிற் கொள்ளும் பொருளும் ஒன்றுண்டு. மக்கள் யாவர்க்கும் ஊனும் உதிரமும் தாய் தந்தவை. அவளை நீக்கிவிட்டு அவள் தருவதை மாத்திரம் வலம்வர நினைத்தல் பிருங்கியார் பிழையேயாம். மகப்பேற்றைப் பற்றி ஆடவர் கூடிய அவைகளிற் பேசி, கணக்கெழுதி, ஆணை விடுத்துத் தாயை ஒரு சொல்லும் வினவாதிருக்கும் ஆட்சி, எத்துணைத் துணைக்கால் கொடுப்பினும் நிமிர்ந்து நில்லாது.

இங்ஙனமாயின், நாட்டின் பொருட்டும் குலத்தின் பொருட்டும் துன்பம் ஏற்றுப் பெற்ற தாயர் புராணங்களிற் போற்றப்பட்டிலரோ எனின், போற்றப்பட்டனர். கோச்செங்கட்சோழ நாயனாரைக் கருவுற்றிருந்த கமலவதியார், ஒரு நாழிகை தாழ்த்துப் பிறப்பின் மகவு மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் கூறக்கேட்டுத் தம்மைத் தலைகீழாகக் கட்டித் தூக்கச் செய்து, அந்நாழிகை கழிந்தபின் ஈன்று உயிர்துறந்தனர். அதனைக் கேட்பார் உள்ளம் உருகும். ஆயின், உற்று நோக்குக. கட்டுக என்றவர் கமலவதியாரே, கணவனாகிய சுபதேவன் அல்லன், அமைச்சர் அல்லர், கணிதரும் அல்லர். தியாகம் என்பது தானே கொடுப்பது. பிறர் ஆணையாற் கொடுக்கப்படுவதற்குப் பெயர் திறை. அவ்வம்மையாரின் செயலை அரசன் ஒருவன் சட்டமாக்கியிருப்பின் அது புராணத்தில் இடம்பெற்றிராது, பழியுரையில் இடம்பெற்றிருக்கும்.

அவ்வாறு சட்டமாக்கிய நாடும் உண்டு. ருமேனியா நாட்டில் 1966ஆம் ஆண்டில் 770ஆம் ஆணையால் கருச்சிதைவு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிறப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. பின்னர்ச் சிலவாண்டுகளிற் படிப்படியாக இறங்கிவிட்டது. மறைவிற் செய்துகொண்ட சிதைவால் இறந்த தாயர் ஆயிரக்கணக்கினர். வேண்டாது பெறப்பட்டு அநாதைவிடுதிகளில் விடப்பட்ட குழந்தைகளின் நிலையோ சொல்லுந்தரத்ததன்று. 1989ஆம் ஆண்டு டிசம்பரில் ஆட்சி வீழ்ந்தவுடன் அவ்வாணை நீக்கப்பட்டது. மறுபுறம், சீன நாடு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஒரு மகவுக்கு மேல் ஆகாதெனத் தடுத்து, 2015ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டு, 2021ஆம் ஆண்டில் மூவரைப் பெறலாம் என்று இசைந்தது. எனினும், பிறப்பு உயர்ந்திலது. தென்கொரிய நாட்டில் அரசு பெரும்பொருள் செலவிட்டும் 2023ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுக்கு 0.72 என்னும் அளவிற்கு மகப்பேறு தாழ்ந்தது. இவற்றால் அறியப்படுவன இரண்டு: தண்டத்தால் வயிறு பணியாது, விலையாலும் வாங்கப்படாது.

மற்றொரு தடை உண்டு: 'மானுடப் பிறவி வேண்டி உயிர்கள் காத்திருக்க, பெறாதொழிதல் அவற்றின் உய்தியைத் தடுத்தலாகாதோ?' என்பது. ஆகாது. பிறப்பித்தற்கு நிமித்த காரணன் இறைவன், முதற்காரணம் மாயை, தாய்தந்தையர் துணைக்காரணமாவார் மாத்திரையே. எழுவகைப் பிறப்பும் எண்ணிறந்த புவனங்களும் அவன் ஆட்சிக்குட்பட்டன. ஒரு நாட்டார் குறையப் பெறுதலால் அவன் ஐந்தொழில் இடையறும் என்பது, ஓர் ஊரார் கதவடைத்தலால் கதிரவன் ஒளி குன்றும் என்பதனோடொக்கும். இதற்கு மறுதலையாக, 'பிறவாமையே வேண்டப்படுவதாகலின் பிறப்புக் குறைதல் சித்தாந்திக்கு உவப்பன்றோ?' என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. பிறவி அறுவது வித்தாகிய வினையும் மலமும் கெடுதலால். ஈன்றெடுப்பார் குறைதலால் அன்று. விளக்கை ஒளித்துவைத்தலால் இருள் நீங்காதவாறுபோல, உடம்பு வாராமையாற் பாசம் நீங்காது. ஆகவே, பலரைப் பெறுதல் புண்ணியமும் அன்று. சிலரைப் பெறுதல் பாவமும் அன்று. பெறாதிருத்தல் ஞானமும் அன்று. திருக்குறளில் மக்கட்பேற்றைப் பற்றிய அதிகாரமும் மக்களின் அறிவுடைமையையும் அவரால் வரும் இன்பத்தையும் சிறப்பித்ததேயன்றி, தொகையைச் சிறப்பித்திலது.

மகவில்லாதார்க்குக் கதியில்லை என்னும் வழக்குரை பல இல்லங்களைப் புண்படுத்தி வருகின்றது. ஆதம்பாக்கம் முதலிய ஊர்களில் மணமாகி இரண்டாண்டு கழிந்த பெண்ணை ஒவ்வொரு விழாவிலும் உறவினர் வினவும் வினா, அவளைக் கோயிலுக்குச் செல்லுதற்கும் கூசச் செய்கின்றது. இதற்குச் சைவத்தில் இடமில்லை. வீடுபேறு ஞானத்தால் எய்துவது; புதல்வனால் எய்துவதன்று. கலிப்பகையார் போர்க்களத்து உயிர்துறந்தபின் மணவாது, தம்பியார் பொருட்டே உயிர்தாங்கி, அத்தம்பியாரைத் திருநாவுக்கரசராகத் தமிழகத்துக்கு அளித்த திலகவதியார் ஒருவரையும் ஈன்றாரல்லர். காரைக்கால் அம்மையார் இறைவனாலேயே அம்மை என்று அழைக்கப்பெற்றவர். அவர் வயிற்றில் மகவு பிறந்ததெனப் புராணம் கூறிற்றிலது. தாய்மை வயிற்றளவிற் சுருங்குவதன்று என்பதற்கு இவ்விருவர் வரலாறும் போதும்.

மகவை விரும்புதல் இழுக்கு என்று இதனாற் கொள்ளற்க. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தித் தம் குருவாகிய சகலாகம பண்டிதரை அடுப்ப, அவர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தலும், திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகத் திருப்பாட்டொன்று தோன்றிற்று. அதன்படி மனைவியாருடன் திருவெண்காடு சென்று நோற்றுப் பெற்ற மகவே மெய்கண்டார். சந்தானத்திற்கு முதல்வர் ஒரு தந்தையும் தாயும் விரும்பி வேண்டிப் பெற்ற பிள்ளை என்பது நினைவிற்குரியது. எனவே, பெற விரும்பியும் பெறமாட்டாதார்க்குத் துணைபுரிதல் அறமாகும். செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவம் இக்காலத்தில் வளர்ந்துள்ளது; 2021ஆம் ஆண்டில் அதனை நெறிப்படுத்தும் சட்டமும் வந்தது. எனினும், அது பொருளுடையார்க்கே எட்டுவதாயிருப்பின், வறியார் மகப்பேற்றை முன்னாளிற் பணங்கொடுத்துத் தடுத்த அரசு, இந்நாளில் அவர்க்கு உதவாதொழிந்த குற்றமும் உடையதாகும்.

இனி, இவ்வாராய்ச்சியில் அரிதாயது கருச்சிதைவு பற்றியது. கருவின்கண் உயிர் உண்டென்றும், அதனை அழித்தல் பழியென்றும் நூல்கள் கூறும். அதனை மறைத்தல் நேர்மையன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் உயிர்க்கும் உடல்மன நலத்துக்கும் ஊறு நேருமிடத்தும் வேறு சில நிலைகளிலும் மருத்துவர் வழி அதற்கு இசைந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகையினர்க்குக் கால எல்லையை 24 வாரமாக நீட்டியது. மணமாகாதாரையும் அவ்வகையினின்று நீக்கலாகாதென 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நூல் பழி என்பதனைச் சட்டம் இசைதல் யாங்ஙனம் எனின், பழியும் குற்றமும் ஒன்றல்ல. பழியை அறிபவன் உள்நின்று உணரும் இறைவன். குற்றத்தை அறிபவன் புறத்தே நின்று காணும் நடுவன். ஒரு பெண் எத்துயரால், எவ்வச்சத்தால், எவ்வன்முறையால் அந்நிலையை எய்தினாள் என்பது நடுவனுக்கு முற்றும் விளங்குவதன்று. விளங்காதவிடத்துத் தண்டம் ஓங்கின், அவள் மருத்துவரை விட்டு மறைவிடத்தை நாடுவாள், உயிரிரண்டும் போகும். ஆதலின், அவ்விடத்துச் சட்டம் கையடங்கி நிற்றலும், சமயம் இரக்கத்தோடு அறிவுரை கூறி அவள் தாங்கும்படி தோள் கொடுத்தலுமே முறை. பெண்ணென்றறிந்து கருவை அழித்தலோ வேறு. அது துயரால் நேர்வதன்று. இழிவுக் கருத்தால் நேர்வது. 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வேண்டப்பட்டதும், 1994ஆம் ஆண்டில் கருவின் பால் அறிதலைத் தடுக்குஞ் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்விழிவைத் தடுத்தற்பொருட்டேயாம். அம்மையும் அப்பனும் ஒருருவாய் நின்றாரை வழிபடுவார், பெண்மகவை வேண்டாதொழிதல் தம் வழிபாட்டையே பொய்யாக்குதலாகும்.

அங்ஙனமாயின் அரசு செய்யத்தக்கது யாது? திருச்சிராப்பள்ளியில் இறைவன் செய்தருளியதைச் செய்தலே. மகப்பேற்றுக் காலத்தில் தாய் காவிரிப்பெருக்கால் வரமாட்டாது அக்கரையிலே தங்க, தனித்து வருந்திய இரத்தினாவதி என்னும் பெண்ணுக்கு அத்தாயின் வடிவிலேயே வந்து உடனிருந்து பேறுபார்த்தமையின் தாயுமானவன் எனப் பெயர்பெற்றான் பெருமான். பெறுக என்று ஏவினானல்லன், பெறற்க என்று விலக்கினானல்லன், பெறுகின்றவளின் அருகிருந்தான். அரசும் அவ்வாறிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வறிய தாயர்க்குப் பொருளுதவி செய்யப்படுதலும், மகப்பேற்றில் இறக்குந் தாயர் தொகை 2018–20ஆம் ஆண்டுகளில் ஓரிலட்சத்துக்கு 54 ஆகக் குறைந்திருத்தலும் போற்றத்தக்கன. ஆயின், மேற்கூறிய குடும்ப நல ஆய்வில் இந்நாட்டு மகப்பேறுகளுள் நூற்றுக்கு 44.9 வயிற்றையறுத்துச் செய்தனவாகக் காண்பது சிந்திக்கற்பாலது. தாயின் தேவையால் நிகழ்வது எவ்வளவு, மருத்துவசாலையின் வசதியால் நிகழ்வது எவ்வளவு என்று வினவுதல் அவள் உரிமையைக் காப்பார் கடன்.

சொல்லும் செயலும் மாறுபடாமையும் அரசுக்கு வேண்டும். மிகப் பெறுக என்று மேடையிற் கூறப்பட்ட இந்நாட்டிலேயே, முன்மணத்தில் இரு மக்களைப் பெற்று, மறுமணத்தின்பின் மீண்டும் கருவுற்ற அரசுப்பள்ளி ஆசிரியை ஒருவர்க்கு, இருவர்க்குமேல் விடுப்பில்லை என்னும் விதிகாட்டி மகப்பேற்று விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நீதிமன்றம், மகப்பேற்று விடுப்பு மகப்பேற்றுரிமையின் பகுதியே என்று கூறி அவர்க்கு விடுப்பு வழங்கச் செய்தது. பழைய ஆணை ஏட்டில் நிற்கப் புதிய ஆணை நாவில் எழுந்தமையால், இரண்டிற்கும் இடையே ஒரு தாய் அலைக்கழிக்கப்பட்டமை காண்க. தனித்தொழிற்சாலைகளில் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதலிரு பேறுகட்கு 26 வாரம் விடுப்பளித்தது. ஆயினும், வீட்டுவேலை செய்வார், கட்டடக் கூலியாளர், நாட்கூலியர் ஆகியோரிற் பெரும்பாலார்க்கு அச்சட்டத்தின் நிழல் எட்டவில்லை. குழந்தைக் காப்பகம், தந்தைக்கு விடுப்பு, ஏற்ற வாடகையில் இல்லம், முதியோரைப் பேணும் நிலையம் ஆகிய இவற்றைச் செய்தபின்னும் ஒரு பெண் ஒருவரோடு அமைவாளாயின், அஃது அவள் துணிபு. அதனை மதித்தல் அரசின் கடன். இவற்றைச் செய்தால் மிகப் பெறுவர் என்னும் பேரம் கருதிச் செய்யற்க. இவை தாயர்க்கும் சேயர்க்கும் உரியன என்பது கருதியே செய்க.

இல்லத்தார் கடனும் ஒன்றுண்டு. மகவை வேண்டுவான் ஆடவன், சுமப்பவள் பெண், தடுத்தற்குக் கத்தியை ஏற்பவளும் அவளே என்னும் நிலை அறத்தோடு பொருந்தாது. இல்லறம் இருவர் ஏற்ற நோன்பு. எத்துணைவர், எப்பொழுது, அல்லது ஒருவரும் வேண்டாவோ என்பதனை இருவரும் அமைந்திருந்து ஆராய்தலும், அவ்வாராய்ச்சியில் சுமப்பவள் சொல்லுக்கு முதன்மை அளித்தலும், துணிந்தபின் வளர்க்கும் உழைப்பில் ஆடவன் பாதி ஏற்றலும் வேண்டும். உறவினர் வினாக்களினின்றும் அவளைக் காத்தல் கணவன் கடன். மாமியின் கடன் அதனினும் பெரிது.

குடித்தொகை குறைதலால் வரும் இடர் பொய்யன்று. முதியோர் பெருகுவர், பள்ளிகள் சில மூடப்படும், உழைப்பார் அருகுவர். அவ்விடர்க்குரிய மருந்துகள், முதியோர்க்கு ஓய்வூதியமும் மருத்துவமும் அமைத்தல், பெண்டிர் உழைப்பிற்கு ஒத்த ஊதியம் அளித்தல், பிற நாடுகளினின்றும் உழைக்க வருவாரை அன்போடு ஏற்றல், இடங்களைப் பங்கிடுங்கால் சொற்காத்த நாட்டைத் தாழ்த்தாமை என்பனவாம். இவை கடினமானவை, தாயர்க்கு ஆணையிடுதல் எளிது. எளியதனைத் தெரிந்தெடுத்தலாலேயே முன்னை ஆட்சியாளர் பிழைபட்டனர். பிறவாத மக்களின் தொகையை எண்ணிக் கவலுமுன், பிறந்த மக்களுள் ஒருவரும் பசியாலும் பிணியாலும் கல்லாமையாலும் மானுடப் பிறவியின் பயனை இழவாதிருக்கின்றனரோ என்று வினவுதல் முதற்கடன். அப்பயன் எய்தும்படி வளர்க்கப்பெறும் ஒரு மகவே நாட்டிற்கு அரண். அங்ஙனம் வளர்க்கத் தன் விருப்பால் முன்வருந் தாயே அவ்வரணை எடுப்பவள். அவள் விருப்பைக் காப்பது அரசின் அறம். அதனை வணங்குவது மக்களின் அறம்.